மூச்சிரைப்பு உள்ளவர் பறவை பார்க்கப் பயணம் போகலாமா?

சென்ற ஆண்டு செப்டம்பரில் ஒரு நாள், திருவொற்றியூரிலிருந்து எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வரும் 67 வயதுப் பெரியவர் ஒருவர், பழைய மருந்துச் சீட்டுடன் வண்ணத் துண்டறிக்கை ஒன்றையும் மேசைமேல் வைத்தார். வழிகாட்டி ஒருவர் உடன் வர, 12 நாள் பறவை நோக்கும் பயணம். முதற்பாதி குஜராத்தின் கட்ச் உப்புப் பாலைவனம். மறுபாதி இமயமலையில் 3,000 மீட்டர் உயரம் வரை. "மகன் பணம் கட்டுகிறேன் என்கிறான். இவள் கூடவே கூடாது என்கிறாள். நீங்கள் சொல்லுங்கள் ஐயா" என்றார். அருகில் அமர்ந்திருந்த அவருடைய மனைவி என்னைப் பார்த்த பார்வையில், நான் என்ன சொல்ல வேண்டும் என்பது தெளிவாகவே எழுதியிருந்தது.

பெரியவர் துறைமுகத்தில் 31 ஆண்டுகள் பணிபுரிந்தவர். புகைப்பதை நிறுத்தி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அவருக்கு இருப்பது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். மருத்துவமனைகளில் சிஓபிடி என்று நீங்கள் கேள்விப்படுவது அதுவே. கப்பல் தளத்திலிருந்து பார்த்த கடற்பறவைகள்மேல் இளமை முதலே அவருக்கு ஈடுபாடு. ஆனால் கடந்த இரண்டு ஆண்டுகளாகத் தெருமுனைத் தேநீர்க் கடைக்கு அப்பால் அவர் நடந்ததில்லை.

அன்று நான் "போகலாம்" என்றும் சொல்லவில்லை, "கூடாது" என்றும் சொல்லவில்லை. இக்கேள்வியைப் பல குடும்பங்கள் பல வடிவங்களில் கேட்கின்றன. திருப்பதிக்குப் போகலாமா, பேத்தியின் திருமணத்துக்கு உதகை போகலாமா, விமானத்தில் ஏறலாமா. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே என்பதால், அந்தப் பெரியவருக்குச் சொன்னதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

மூச்சிரைப்பு வந்ததும் மனிதர் இயல்பாகச் செய்வது நடையைக் குறைப்பது. நடை குறைந்தால் தொடைத் தசைகளும் இடுப்புத் தசைகளும் மெலிகின்றன. மெலிந்த தசை அதே வேலைக்கு அதிக ஆக்ஸிஜனைக் கேட்கிறது. எனவே முன்பு நூறு அடியில் வந்த இரைப்பு இப்போது ஐம்பது அடியில் வருகிறது. நடை மேலும் குறைகிறது. நுரையீரல் கெட்டது ஒரு பங்கு என்றால், வீட்டுக்குள் முடங்கியதால் உடல் கெட்டது இன்னொரு பங்கு. முதற்பங்கை முழுமையாகச் சரிசெய்ய எங்களால் இயலாது. இரண்டாம் பங்கைப் பெருமளவு மீட்க முடியும். நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி என்று நாங்கள் சொல்வதன் நோக்கம் அதுவே.

இந்நோயில் சிக்கல் மூச்சை உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதில்தான் அதிகம். சுருங்கிய காற்றுக்குழாய்களின் வழியே காற்று மெல்லவே வெளியேறுகிறது. வேகமாக நடக்கும்போது, பழைய காற்று முழுவதும் வெளியேறுமுன் அடுத்த மூச்சு உள்ளே வந்துவிடுகிறது. மார்பு உப்பிக்கொண்டே போகிறது. நிறைந்த குடத்தில் மேலும் நீர் ஊற்ற முயல்வதைப் போன்ற நிலை அது. "காற்றே போகவில்லை" என்று நோயாளி சொல்லும் அந்த நேரத்தில் அவருடைய நுரையீரலில் காற்று மிகுதியாகத்தான் இருக்கிறது. உதடுகளைக் குவித்து, விளக்குச் சுடரை அணைக்காமல் அசைப்பது போல மெல்ல ஊதும்படி நாங்கள் வற்புறுத்துவது, அந்தப் பழைய காற்று வெளியேற நேரம் தருவதற்காக.

பறவைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. நம் நுரையீரலில் காற்று வந்த வழியே திரும்ப வேண்டும். பறவையின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடுகிறது. பெரும்பாலான பறவைகளின் உடலுக்குள் துருத்திபோல் இயங்கும் ஒன்பது காற்றுப்பைகள் உள்ளன. உள்ளே இழுத்த காற்று முதலில் பின்புறப் பைகளுக்குச் செல்கிறது. அங்கிருந்து நுரையீரலைக் கடந்து முன்புறப் பைகளுக்கு வந்து, அதன்பின்தான் வெளியேறுகிறது. ஆகவே மூச்சை விடும்போதும் புதிய காற்றே நுரையீரலைத் தொடுகிறது. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்துக்கு ஒவ்வொரு குளிர்காலத்திலும் வந்து சேரும் வரித்தலை வாத்துகள் இமயமலையைத் தாண்டி வருபவை. அவற்றின் உடலில் கருவி பொருத்தி ஆய்ந்தபோது, 7,000 மீட்டருக்கு மேலும் அவை பறந்தது பதிவாகியுள்ளது. அவற்றின் ஹீமோகுளோபினும் ஆக்ஸிஜனை இறுகப் பற்றும் தன்மை உடையது. நமக்கு அந்த அமைப்பு வாய்க்கவில்லை. குவித்த உதடுகள்தாம் வாய்த்தன.

பறவை நோக்குதல் நுரையீரல் நோயாளிக்கு ஏற்றது என்று நான் கருதுவதற்குக் காரணம் எளியது. அதில் வேகமாக நடப்பவருக்குப் பறவை தென்படாது. இருபது அடி நடந்து, நின்று, கேட்டு, பார்த்து, மீண்டும் இருபது அடி நடப்பதே அதன் முறை. கோயில் சுற்றுலாவில் கூட்டம் முன்னே போய்விடும்; பின்தங்கியவர் வெட்கப்பட்டு விரைவார்; விரைந்ததும் இரைப்பார். பறவை நோக்கும் குழுவில் நின்று கொண்டிருப்பவரை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஒரு விலக்கு உண்டு. பைனாகுலரைக் கண்ணருகே உயர்த்திப் பிடிக்கும் செயல் இந்நோயாளிகளுக்கு நடப்பதைவிடக் கடினமாக இருக்கலாம். கையை ஊன்றாமல் தூக்கி வைத்திருக்கும்போது, மூச்சுக்குத் துணை நிற்கும் கழுத்து, தோள் தசைகள் கையைத் தாங்கும் வேலைக்குப் போய்விடுகின்றன. தலை வாரும்போதும் துணி உலர்த்தும்போதும் இரைப்பு வருவது இதனால்தான். முழங்கைகளை வண்டியின் மேலோ, கைப்பிடிச் சுவரின் மேலோ, மடக்கு நாற்காலியின் முதுகின் மேலோ ஊன்றிக்கொண்டு பாருங்கள். முக்காலியில் நிறுத்திய தொலைநோக்கி வழிகாட்டியிடம் இருந்தால் இன்னும் நல்லது.

பெரியவரிடம் ஓர் ஏற்பாட்டைச் சொன்னேன். எட்டு வாரம் பயிற்சி. பின்னர் நமக்கு அருகிலேயே ஒரு நாள் பயணம். அதைப் பார்த்துவிட்டுப் பாலைவனத்தைப் பற்றியும் மலையைப் பற்றியும் பேசலாம் என்றேன். அன்று ஆறு நிமிட நடைச் சோதனையில் அவர் கடந்த தூரம் 310 மீட்டர். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் ஓய்வில் 94 காட்டியது. நடை முடிவில் 89.

அருகிலேயே என்றால் எங்கே? எங்கள் நோயாளிகளில் பலருக்கு வாசலிலேயே இருப்பது எண்ணூர்க் கழிமுகம். கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் இடம். அலையாத்திச் செடிகள், சேற்றுத் திட்டுகள், உப்பளங்கள் எல்லாம் சில கிலோமீட்டருக்குள் அடங்கியவை. நல்ல பருவத்தில் அங்கே நெடுங்கால் உள்ளானும் உப்புக்கொத்தியும் ஆலாக்களும் கூடுகின்றன. எனினும் நுரையீரல் நோயாளிகளை அங்கே அழைத்துச் செல்ல எனக்கு மனம் வரவில்லை. அனல்மின் நிலையங்களின் சாம்பலும், கன்டெய்னர் லாரிகளின் புழுதியும் காற்று வீசும் திசைக்கேற்ப எங்கும் வரக்கூடியவை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணெய் பரவி, இக்கழிமுகத்துக் கூழைக்கடாக்களின் வெண்சிறகுகள் கறுத்ததைப் பலரும் நேரில் கண்டிருப்பீர்கள். அதே மாதம் 26-ஆம் நாள் இரவு பெரியகுப்பத்தருகே அமோனியா கசிந்து, மூச்சுத் திணறலோடு மக்கள் மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள். பறவைக்கும் நமக்கும் இங்கே ஒரே காற்று, ஒரே நீர். அக்கரையில் வாழ்வோருக்கு "அங்கே போகாதீர்கள்" என்று மருத்துவர் சொல்வதில் பொருள் இல்லை என்பதையும் அறிவேன். ஆனால் பயிற்சிக்கென்று இடத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருக்கும்போது, காற்று மேலான இடத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆகவே பழவேற்காட்டைத் தேர்ந்தோம். சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளது. தென்பகுதி நம் மாநிலத்தில். இங்குள்ள பகுதி 1980-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சாலைப் புழுதியைத் தவிர்க்க, திருவொற்றியூரில் புறநகர் ரயில் ஏறி, மீஞ்சூர் வழியாகப் பொன்னேரியில் இறங்கினோம். அங்கிருந்து வேன். ஜனவரி முதல் வாரம். பயிற்சி முடித்த ஏழு பேர், உடன் வந்த உறவினர் ஆறு பேர், ஒரு செவிலியர், பறவை அறிந்த நண்பர் ஒருவர், நான். இத்தகைய நடைகளைச் சென்னையில் நெடுங்காலமாக நடத்தி வருவோர் உண்டு; 1978-இல் தொடங்கிய மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி அவற்றுள் ஒன்று.

அந்த ஏரி பல இடங்களில் முழங்கால் அளவே ஆழம். தொலைவில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. நண்பர் தொலைநோக்கியைத் திருப்பியதும் அந்தக் கோடு நூற்றுக்கணக்கான பூநாரைகளாகப் பிரிந்தது. தலையைக் கவிழ்த்து, அலகால் நீரை வடிகட்டி உண்ணும் பறவை அது. உணவில் உள்ள நிறமிகளே அதன் சிறகுக்குச் செம்மை தருகின்றன. அருகில் மஞ்சள் மூக்கு நாரைகள், சாம்பல் நாரை, கம்பத்தில் சிறகு விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்த நீர்க்காகங்கள். காசிமேட்டில் நாற்பது ஆண்டுகள் மீன் விற்ற ஓர் அம்மையார் எங்களோடு வந்திருந்தார். புகை பிடித்தறியாதவர், விறகடுப்புப் புகையால் அதே நோய் வந்தவர். வழிகாட்டி சொல்லுமுன்பே, "செம்பருந்து வட்டம் போடுது பாருங்க, அங்கே வலை இழுக்கிறாங்க" என்றார். அவ்வாறே இருந்தது. அதன்பின் வழிகாட்டியைவிட அவரைச் சுற்றியே கூட்டம் அதிகம்.

அன்று ஒரு தவறும் நேர்ந்தது, அது என்னுடையது. விடியலில் பறவைகள் அதிகம் தென்படும் என்பதால் ஐந்து மணிக்கே புறப்படச் செய்தேன். காலை உணவு பழவேற்காட்டில் என்று திட்டம். பூநாரைகளைக் கண்ட மகிழ்ச்சியில் உணவு ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போயிற்று. குழுவில் ஒருவர் வழக்கம்போல் அதிகாலையிலேயே இன்சுலின் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவர் பேச்சற்றுப்போனதை முதலில் கவனித்தவர் செவிலியர். நெற்றியில் வியர்வை, கையில் நடுக்கம், சர்க்கரை அளவு 54. சர்க்கரைக் கரைசல் கொடுத்ததும் பத்து நிமிடத்தில் தெளிந்தார். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் பயண நாளில், உணவு கையில் வந்த பின்பே மருந்தை எடுக்க வேண்டும் என்பதை அன்று முதல் அறிவுறுத்தல் தாளின் முதல் வரியாக அச்சிட்டிருக்கிறோம். சட்டைப்பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். வேனில் உள்ள பையில் இருந்தால் அது இல்லாததற்குச் சமம். அவசர இன்ஹேலருக்கும் இதே விதிதான்.

படகில் ஏற நான் இசையவில்லை. 2011 கிறிஸ்துமஸ் நாளன்று இந்த ஏரிப் பகுதியில் படகு கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இரைப்பு நோயாளிகள் நீரில் தம்மைக் காத்துக்கொள்ள வலுவற்றவர்கள். கரையிலிருந்து பார்க்கக் கிடைத்தவையே எங்களுக்குப் போதுமானவையாக இருந்தன.

பறவை என்றதும் இராயபுரம், காசிமேடு பக்கத்து வாசகர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். மாடியில் பந்தயப் புறா வளர்ப்பது நம் பகுதியின் பழைய பழக்கம். வெட்டவெளியில் தொலைவிலிருந்து பறவை பார்ப்பது வேறு; கூண்டைச் சுத்தம் செய்யும்போது உலர்ந்த எச்சத்தின் தூசியையும் சிறகுத் துகளையும் நாள்தோறும் சுவாசிப்பது வேறு. பின்னதால் சிலருக்கு நுரையீரலில் ஒவ்வாமை அழற்சி உண்டாகிறது. கூண்டைத் தொட்ட சில மணி நேரத்தில் காய்ச்சல், இருமல், உடல்வலி; மறுநாள் சரியாகிவிடும்; ஃப்ளூ என்று விட்டுவிடுவார்கள். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும். அதற்குப்பின் எங்களால் செய்யக்கூடியது குறைவு. மாடியில் புறா இருந்தால், நாங்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

இனி மலையும் பாலைவனமும். மலைமேல் காற்றில் ஆக்ஸிஜனின் விகிதம் குறைவதில்லை. எங்கும் 21 விழுக்காடுதான். குறைவது காற்றின் அழுத்தம். 2,240 மீட்டர் உயரமுள்ள உதகையில் அது கடல்மட்டத்தின் நான்கில் மூன்று பங்கு. 3,500 மீட்டரில் உள்ள லேயில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. கீழே 94 காட்டும் ஒருவருக்கு உதகையிலேயே 80-களுக்கு இறங்கக்கூடும். விமானத்துக்குள்ளும் காற்றழுத்தம் 2,400 மீட்டர் உயரத்துக்கு நிகராக இறங்கலாம் என்பதைப் பலர் அறியார். தரைமட்டத்தில் ஓய்வில் 92-க்குக் கீழே உள்ளவர்கள் விமானப் பயணத்துக்கு முன் எங்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும்; விமானத்தில் ஆக்ஸிஜன் தேவைப்படலாம், அதை முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும். 2,500 மீட்டருக்கு மேலே நலமான நுரையீரல் உள்ளவர்களுக்கும் தலைவலி, குமட்டல் வருவதுண்டு. அங்கே சென்ற முதலிரண்டு நாள் ஓய்வு அனைவருக்கும் பொது விதி.

பாலைவனத்தில் சிக்கல் வேறு. உயரம் இல்லை, ஆதலால் ஆக்ஸிஜன் குறையாது. ஆனால் விடியற்காலைக் குளிரும் வறட்சியும் சுருங்கிய குழாய்களை மேலும் சுருக்கும். திறந்த ஜீப்பில் எழும் உப்புப் புழுதி இருமலைக் கிளப்பும். மூக்கையும் வாயையும் துண்டால் மூடி, அந்தத் துணிக்குள் சூடாகும் காற்றைச் சுவாசிப்பது நல்லது. திறந்த ஜீப்பில் முன்னிருக்கை கேளுங்கள். வரிசையில் முதல் வண்டியாக இருக்கும்படியும் கேளுங்கள். நீர் இழப்பு அங்கே தெரியாமல் நடக்கும். சிறுநீர் பெருக்கும் மாத்திரை எடுக்கும் இதய நோயாளிகள், எவ்வளவு நீர் அருந்தலாம் என்பதைத் தம் மருத்துவரிடம் கேட்டு எழுதி எடுத்துச் செல்ல வேண்டும். இன்ஹேலரை வெயிலில் நிற்கும் வண்டியில் வைக்கக் கூடாது. நம் கடற்கரை ஈரத்தில் கெடுவது வேறு வகை: பொடி மருந்துக் குளிகைகளை அவற்றின் உறையிலிருந்து முன்கூட்டியே எடுத்து டப்பாவில் போட்டு வைத்தால் பொடி கட்டியாகிவிடும்.

எந்தப் பயணமும் கூடாதவர்களும் உள்ளனர். கடந்த ஆறு வாரத்துக்குள் இரைப்பு முற்றி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள், அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்தவர்கள், சளியில் இரத்தம் காண்பவர்கள், கால் வீக்கம் புதிதாகத் தொடங்கியவர்கள் முதலில் எங்களிடம் வர வேண்டும். சளியின் அளவும் நிறமும் மாறியிருந்தால் பயணச்சீட்டை ரத்து செய்யுங்கள்.

உடன் செல்பவர்களுக்கு ஒரு சொல். நோயாளியின் கையைப் பிடித்து இழுத்துச் செல்லாதீர்கள்; வேகத்தை அவரே தீர்மானிக்கட்டும். இரைக்கும்போது "என்ன ஆயிற்று, என்ன ஆயிற்று" என்று கேட்காதீர்கள்; விடை சொல்லவும் மூச்சு வேண்டும். முன்னோக்கிச் சாய்ந்து, முழங்கைகளைத் தொடைமேல் ஊன்றி உட்கார வையுங்கள். முகத்துக்கு நேரே பனையோலை விசிறியால் வீசுங்கள். முகத்தில் படும் காற்று மூச்சுத்திணறல் உணர்வைத் தணிக்கிறது என்பது ஆய்வில் காணப்பட்ட உண்மை. நம் பாட்டிமார் ஆய்வின்றியே செய்தது. ஆக்ஸிமீட்டர் 88-க்குக் கீழே இறங்கினால் நடையை நிறுத்துங்கள். ஓய்வெடுத்தும், அவசர இன்ஹேலர் எடுத்தும் ஏறாவிட்டால் அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எண்ணையே பார்த்துக்கொண்டு பறவையை விட்டுவிடவும் வேண்டாம்.

வெளியே செல்ல இயலாதவர்களுக்கும் வழி இருக்கிறது. 2015 முதல் ஒவ்வொரு பொங்கலின்போதும் தமிழ்நாடெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் இருந்து, காணும் பறவைகளை எண்ணி இணையத்தில் பதிவு செய்தால் போதும். வீட்டுச் சாளரத்திலிருந்தும் செய்யலாம். வீட்டிலேயே ஆக்ஸிஜன் வைத்திருக்கும் எங்கள் நோயாளி ஒருவர், இந்தப் பொங்கலன்று மொட்டை மாடிக்கு எதிரே உள்ள வேப்பமரத்தில் ஒன்பது வகைப் பறவைகளை எண்ணினார், காகத்தையும் சேர்த்துத்தான்.

திருவொற்றியூர்ப் பெரியவரின் நடை எட்டு வாரத்தில் 310-லிருந்து 355 மீட்டராக உயர்ந்திருந்தது. பழவேற்காட்டில் ஐந்து முறை நின்று, எங்கும் 90-க்குக் கீழே இறங்காமல் நடந்தார். அவர் மனைவியும் வந்திருந்தார். திரும்பும் ரயிலில்தான் அவர் என்னிடம் முதன்முறையாகப் பேசினார். பயணத்தின் இமயமலைப் பாதியை விலக்கிவிட்டு, கட்ச் பாதிக்கு மட்டும் இருவரும் போகலாம் என்று எழுதிக் கொடுத்தேன். அகமதாபாத் வரை ரயிலிலேயே போனார்கள். பிப்ரவரி நடுவில் மறுபரிசோதனைக்கு வந்தபோது, கைப்பேசியில் உப்புவெளியும் அதில் ஓர் இளஞ்சிவப்புக் கோடும். "இவ்வளவு தூரம் போய், நம்ம பழவேற்காட்டுப் பறவையைத்தான் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்" என்றார் அந்த அம்மையார். நம் நாட்டுப் பூநாரைகள் குஞ்சு பொரிக்கும் முதன்மையான இடம் கட்ச்தான் என்று பெரியவர் அவருக்கு விளக்கத் தொடங்கினார். பாதியில் நின்று, உதடு குவித்து மூச்சு விட்டு, மீண்டும் தொடர்ந்தார்.

அடுத்து உதகையில் நீலகிரிச் சிரிப்பானைப் பார்க்க வேண்டுமாம். ஏப்ரலில் நடைச் சோதனையை மறுபடியும் செய்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.